குறி பார்க்கக் கற்ற படைகள்

மரக்கிளையில் இருந்த பறவையைக் காட்டி, “உன் கண்ணுக்குத் தெரிவது யாது?” என்று துரோணர் வினவியதும், பிறரெல்லாம் மரத்தையும் கிளையையும் கண்டிருக்க, அருச்சுனன் ஒருவன் மட்டும் பறவையின் தலையையே கண்டதும் நம் வீடுகளிற் சிறுவரும் அறிந்த கதை. குறி பார்த்தல் என்பது பிறவியில் வருவதன்று, பயிற்றப்பட வேண்டியதொரு கலை என்பதை நம் முன்னோர் வில்லும் அம்பும் வழங்கிய காலத்திலேயே உணர்ந்திருந்தனர். ஆயின் வில் மறைந்து துவக்கு வந்த பின்னர், ஐரோப்பாவின் பெரும் படைகள் தம் காலாட்களிற் பெரும்பாலோருக்குக் குறி பார்க்கும் கலையை முறையாகக் கற்பிக்க நெடுங்காலம் முற்படவில்லை என்பதை அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது. அக்கலை படைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதற்குக் கொடுக்கப்பட்ட விலை யாது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

குறியில்லாத துவக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிப்பாய் தோளிற் சுமந்த துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு விரைவிற் கெட்டிக்கவேண்டியிருந்தமையால், குழலின் அளவிலும் சற்றுச் சிறிய ஈயக் குண்டையே பயன்படுத்தினர். வெடித்தவுடன் அக்குண்டு குழலின் சுவர்களில் மோதி மோதி வெளிவரும். எத்திசை நோக்கிப் போகும் என்பது குண்டுக்கே வெளிச்சம்! நூறு யாருக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறித்துச் சுடுவது வீண் முயற்சி என்றே தளபதிகள் கருதினர். ஆகவே சிப்பாய்களைத் தோளோடு தோள் சேர நிறுத்தி, ஒரே கட்டளையில் ஒருங்கே சுடச் செய்தனர். அந்நாளைய ஆங்கிலக் கவாத்தில் “குறி பார்” என்றொரு கட்டளையே இருக்கவில்லை. “ஆயத்தம், நீட்டு, சுடு” என்பனவே கட்டளைகள். குறி பார்த்தல் சிப்பாயின் கடமையாக எண்ணப்படவில்லை.

குழலின் உட்புறத்திற் சுருள் சுருளாகத் தவாளிப்பு வெட்டினால், அதனூடே இறுக்கமாக வரும் குண்டு சுழன்றுகொண்டே வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போன்று, சுழலும் குண்டும் தன் வழியினின்று எளிதில் விலகாது. இவ்வாறு தவாளிப்புக் கொண்ட துவக்கே றைபிள். வேடர்களும் எல்லைப்புறக் குடிகளும் இதனை முன்னரே கையாண்டனர். ஆயின் இறுகிய குண்டைக் குழலுக்குள் இடித்து இறக்க நெடுநேரம் பிடித்தது. எனவே 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் றைபிள் தாங்கிய தனிப்படை ஒன்றை அமைத்தபோதும் அது சிறு படையாகவே இருந்தது. பச்சை உடை தரித்த அவ்வீரர்களுக்கு, 1803 முதல் கென்ற் மாகாணத்து ஷோண்கிளிப் முகாமில் சேர் ஜோன் மூர் என்னும் தளபதி பயிற்சி அளித்தார். சிப்பாயை அடியால் அன்றி அறிவால் ஆளவேண்டும் என்று கருதியவர் அவர். தானே சிந்தித்து, தானே மறைவிடம் தேடி, தானே குறி பார்த்துச் சுடும் காலாள் அங்கே உருவானான்.

ஹைத் கல்லூரி

பெரும் மாற்றம் 1849இல் வந்தது. மினியே என்ற பிரெஞ்சுப் படையதிகாரி, அடிப்புறம் குடைவான கூம்பு வடிவச் சன்னம் ஒன்றை அமைத்தார். அது குழலில் எளிதாக இறங்கும். வெடிக்கும்போது அதன் அடிப்புறம் விரிந்து தவாளிப்பைப் பற்றிக்கொள்ளும். விரைவும் நேர்மையும் ஒருங்கே கைகூடின. ஆங்கிலேயர் 1851இல் மினியே றைபிளையும், 1853இல் என்பீல்ட் றைபிளையும் ஏற்றனர். நூறு யாரிற் தடுமாறிய சிப்பாயின் கையிற் பன்னூறு யார் எட்டும் கருவி திடீரென வந்து சேர்ந்தது. ஆனால் அதனைக் கையாளத் தெரிந்தவர் எங்கே?

இவ்வினாவுக்கு விடையாகவே 1853இல் கென்ற் கடற்கரையிலுள்ள ஹைத் என்னும் சிற்றூரிற் துவக்குப் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பெற்றது. கேணல் ஹே அதன் முதல் தலைவர். படைப்பிரிவுகளிலிருந்து அதிகாரிகளும் சார்ஜன்ற்மாரும் அங்கு வந்து கற்று, தத்தம் பிரிவுகளுக்குத் திரும்பிப் பிறருக்குக் கற்பித்தனர். ஒரு விளக்கினின்று பல விளக்குகளை ஏற்றும் முறை அது.

ஹைத் கல்லூரியின் பாடத்திட்டம் நம் மாணவர் அறியத்தக்கது. புதிதாக வந்தவன் உடனே சுட அனுமதிக்கப்படுவதில்லை. முதலில் அவன் துவக்கின் உறுப்புகளைக் கற்றான். அடுத்து, முக்காலியின்மேல் மணல் மூட்டை வைத்து, அதன்மீது துவக்கைக் கிடத்திக் குறி பார்த்தான். ஆசிரியர் பின்னே வந்து அவன் வைத்த குறியைச் சோதித்தார். பின்னர் நின்றும் முழந்தாளிட்டும் துவக்கை ஏந்தும் நிலைகளைப் பழகினான். விசையை வெடுக்கென இழுக்காது மெல்ல அழுத்தவும், அக்கணத்தில் மூச்சை அடக்கவும் கற்றான். இத்தனைக்கும் பின்னரே தோட்டா அவன் கைக்கு வந்தது.

பாடங்களுள் மிகக் கடினமானது தூரத்தை மதிப்பிடுதல். மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவன் மரம் தொலைவாயிருப்பின் கல்லை மேல்நோக்கி எறிகின்றான் அல்லவா? சன்னமும் அவ்வாறே வளைந்து சென்று வீழ்வது. அக்காலத்துச் சன்னம் மெதுவாகச் சென்றமையால் அதன் வளைவு பெரிது. எதிரி நிற்பது 400 யாரிலா, 500 யாரிலா என்பதிற் பிழை நேர்ந்தால், எத்துணை நேராகக் குறி வைத்தாலும் சன்னம் தலைக்குமேலே பறந்துவிடும், அல்லது காலடி மண்ணிற் புதைந்துவிடும். ஆகவே, குறித்த தூரங்களில் ஆட்களை நிறுத்தி, இத்தூரத்தில் முகம் தெரிகின்றது, இத்தூரத்திற் பொத்தான் மறைகின்றது, இத்தூரத்திற் கைகால் பிரித்தறிய இயலவில்லை என்று ஒவ்வொருவனும் தன் கண்ணுக்கேற்பக் கணக்கு வைக்குமாறு பயிற்றினர். ஒவ்வொரு வேட்டும் பதிவேட்டில் எழுதப்பெற்றது. தேர்ச்சிக்குத் தக்கபடி வகுப்புகள் பிரிக்கப்பெற்றன. சிறந்தோர் சட்டைக்கையில் குறுக்கிட்ட இரு துவக்குச் சின்னத்தை அணிந்தனர்.

பயிற்சிக் களத்திற் பற்றிய தீ

இதே என்பீல்ட் றைபிளைக் கற்பிப்பதற்கென இந்தியாவில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்றிடங்களிற் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. அதன் தோட்டாவின் கடதாசியைப் பல்லாற் கிழித்து மருந்தைக் குழலில் இடுவது வழக்கம். அக்கடதாசியிற் பூசிய கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் நிலையத்திற் பரவியது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருங்கே கலங்கினர். அவ்வாண்டு மே மாதம் மீரத்தில் மூண்ட பெருங்கிளர்ச்சிக்கு நிலம், வரி, ஆட்சிமுறை எனக் காரணங்கள் பல உண்டு; எனினும் பொறி விழுந்தது துவக்குப் பயிற்சிக் களத்திலேயாம். தூரத்தை மதிப்பிட மிக நுட்பமாகக் கற்பித்தவர்கள், அருகில் நின்ற மாணவனின் மனத்தை மதிப்பிடத் தவறினர். கற்பிப்போர் எக்காலத்தும் நினைவிற்கொள்ளத்தக்க பாடம் இது.

இங்கிலாந்திலோ குறி பார்த்தல் நாட்டு மக்களின் விளையாட்டாகவும் மாறியது. 1859இல் தேசிய றைபிள் சங்கம் தோன்றியது. 1860 ஜூலை 2ஆம் நாள், விம்பிள்டன் வெளியில் நடந்த முதற் போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடக்கிவைத்தார். தாங்கியிற் பொருத்திய றைபிளின் விசையோடு பிணைத்த பட்டுக் கயிற்றை அவர் இழுக்க, சன்னம் 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல தூரத்திற் பாய்ந்தது. 1890இல் அப்போட்டிகள் பிஸ்லி என்னும் ஊருக்கு மாறின.

உழவர் கற்பித்த பாடம்

கல்லூரியும் போட்டியும் இருந்தும் ஆங்கிலப் படையிற் பழைய பழக்கம் முற்றும் அகலவில்லை. கட்டளைக்கு ஒருங்கே சுடும் முறையையே அதிகாரிகள் பலர் விரும்பினர். அதன் விலையைத் தென்னாபிரிக்காவிற் செலுத்தினர். அங்கு வாழ்ந்த போயர் எனப்படும் ஒல்லாந்த வழிவந்த உழவர் சிறுவயது முதலே வேட்டையாடிப் பழகியவர். தோட்டா அவர்களுக்கு அரிய பொருள், வீணாக்கலாகாது. 1881 பெப்ரவரி 27இல் மயூபா மலையில் ஆங்கிலத் தளபதி கொல்லி உட்படப் பலர் அவர்களது குறிக்கு இரையாயினர். போயர் தரப்பில் இறந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

1899இல் மீண்டும் போர் மூண்டபோது போயர் கையிற் புகையில்லா மருந்தில் இயங்கிய ஜேர்மன் மவுசர் றைபிள் இருந்தது. சுடுபவன் எங்கிருக்கிறான் என்பதே தெரியவில்லை. டிசெம்பர் 15இல் கொலென்சோப் போர்க்களத்திற் பீரங்கிகளை மீட்கச் சென்று காயமுற்று உயிர்துறந்தோருள் லெப்டினன்ட் பிரெடெரிக் றோபேட்ஸ் என்ற இளைஞரும் ஒருவர். அவருடைய தந்தையே, அடுத்துத் தென்னாபிரிக்கப் படைக்குத் தலைமை ஏற்று அனுப்பப்பெற்ற றோபேட்ஸ் பிரபு. ஒரே மகனை இழந்த துயரோடு கப்பலேறிய அம்முதியவர், 1901இல் ஆங்கிலப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். சிப்பாய் ஒவ்வொருவனும் குறி தவறாது சுடக் கற்கவேண்டும் என்பதைத் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் ஓயாது வற்புறுத்தினார்.

இப்போருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1900 முதல் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர்; பெரும்பாலோர் தியத்தலாவை மலைச்சாரலில் அமைந்த முகாமில் வைக்கப்பட்டனர். தொலைவிலிருந்தே எதிரியை வீழ்த்தவல்ல அவர்களிற் சிலர், கண்ணுக்குப் புலப்படாத குடற்காய்ச்சற் கிருமிக்கு இரையாகி ஈண்டே அடக்கம் பெற்றனர். ஆங்கில அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிய எங்கெல்பிரெக்ற் என்பவர் பிற்காலத்தில் யால வனவிலங்குச் சரணாலயத்தின் காவலரானார். துவக்கேந்திய கை விலங்குகளைக் காக்கும் கையாயிற்று.

ஒரு நிமிடம், 15 வேட்டு

போயர் போருக்குப் பின்னர் ஹைத் கல்லூரியிற் புதிய சிந்தனை பிறந்தது. 1905 முதல் அங்கே தலைமைப் போதனாசிரியராக விளங்கிய மக்மஹோன் என்ற அதிகாரி, படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இயந்திரத் துவக்குகள் போதா, ஆறு வேண்டும் என்று வாதாடினார். பணம் இல்லை என்பதே விடை. இயந்திரம் கிடையாதெனின் மனிதனையே விரைவுபடுத்துவோம் என அவர் துணிந்தார். பத்துத் தோட்டா கொள்ளும் லீ-என்பீல்ட் றைபிளால், 300 யார் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்தில் 15 வேட்டுக் குறி பார்த்துச் சுடும் பயிற்சி 1909இன் விதிகளில் இடம்பெற்றது. ஐந்தைந்தாகக் கோத்த தோட்டாக்களை நடுவே நிரப்பிக்கொள்ளவும் வேண்டும்! துவக்கைத் தோளினின்று இறக்காமலே கைப்பிடியை இயக்கச் சிப்பாய்கள் பழகினர்.

1914 ஓகஸ்ட் 23இல், பெல்ஜியத்தின் மொன்ஸ் நகர்க் கால்வாய்க் கரையில் அப்பயிற்சி சோதனைக்கு வந்தது. திரளாக முன்னேறிய ஜேர்மனியர் றைபிள் மழையில் வீழ்ந்தனர். எங்கும் இயந்திரத் துவக்குகள் இருப்பதாக அவர்கள் மயங்கினர் எனப் பல நூல்கள் கூறும். அதனை முழுதும் ஏற்காத வரலாற்றாசிரியரும் உளர். ஆயினும் வேறோர் உண்மை ஐயத்துக்கு இடமற்றது. அன்று நிமி என்னும் இடத்துப் பாலத்தைக் காத்த படைப்பிரிவுக்குத் தலைவர் அதே மக்மஹோன்தான். அவரிடம் இருந்தவை இரண்டே இயந்திரத் துவக்குகள். அவற்றை நடத்திய லெப்டினன்ட் டீஸ் மீண்டும் மீண்டும் காயமுற்று மாண்டார். சிப்பாய் கொட்லி தனித்து நின்று சுட்டுப் பின்வாங்குவோரைக் காத்துக் கைதியானார். இருவருக்கும் விக்டோரியாச் சிலுவை அளிக்கப்பெற்றது. இரண்டு ஆறாக இருந்திருப்பின் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற எண்ணம் நமக்கு எழாமற் போகாது. மக்மஹோனும் அதே ஆண்டு நவம்பர் 11இல் ஈப்பர் நகரருகே வீழ்ந்தார். பல்லாண்டு உழைத்து உருவாக்கிய அப்படையிற் பெரும்பகுதி சில மாதங்களில் அழிந்தது. கற்பிக்கப் பிடித்த காலம் எவ்வளவு! இழக்கப் பிடித்த காலம் எவ்வளவு!

வட்டமும் மனித உருவமும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மற்றொரு வினா எழுந்தது. போர்க்களத்திற் சிப்பாய்களிற் பெரும்பாலோர் சுடவேயில்லை என்று மார்ஷல் என்ற அமெரிக்கர் 1947இல் எழுதினார். அவர் காட்டிய கணக்கு சான்றற்றது எனப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனர். எனினும் பயிற்சி முறை மாறியது. 1950களில் அமெரிக்கப் படையினர், கறுப்பு வட்டத்துக்குப் பதிலாக, திடீரெனத் தோன்றி மறையும் மனித உருவப் பலகைகளைச் சுடப் பழகினர். பிற நாடுகளும் அத்தகைய முறைகளைக் கைக்கொண்டன. விளையாட்டின் மையப்புள்ளியாக இருந்த வட்டம் விலக, அதன் பின்னே எக்காலமும் மறைந்து நின்ற மனிதன் வெளிப்பட்டான்.

ஹைத் கல்லூரி 1960களின் இறுதியில் அவ்வூரை விட்டு நீங்கியது. இன்று பல படைகள் திரைப்படம் போன்ற ஒளித்திரையின் முன் பயிற்சி பெறுகின்றன. ஆங்கே தோன்றும் உருவம் சிலவேளை ஆயுதம் ஏந்திய பகைவன். சிலவேளை கையிற் பிள்ளையோடு ஓடும் தாய். கண்ணிமைக்கும் நேரத்திற் பிரித்தறிந்து, விசையிலிருந்து விரலை எடுத்தால்தான் அவன் தேர்ச்சி பெறுவான். சுடக் கற்பித்த கல்வி, சுடாதிருக்கவும் கற்பிக்க முற்பட்டிருக்கின்றது. அப்பாடம் ஒளித்திரையின் முன்னே மட்டும் நில்லாது போர்க்களத்திலும் நினைவிருத்தல் வேண்டும் என்பதே எந்நாட்டுத் தாய்மாரும் விழையும் தேர்ச்சியாகும்.