பனியனில் ஊசி தேடும் காந்தம், ஆபரேஷன் தியேட்டரிலும்!

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் பேக்கிங் பகுதியில் நீடில் டிடெக்டர் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் பனியனில் உடைந்த ஊசி முனை சிக்கியிருந்தால் பெல்ட் நின்று அலாரம் அடிக்கும். துணியைப் பிரிக்காமலேயே, உள்ளே இருக்கும் இரும்பைக் காந்தப்புலம் காட்டிக்கொடுக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனிலும் காந்தத்தை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

எதைத் தேட வேண்டும்?

மார்பகப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான். முன்பு அவற்றை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அதனால் சிலருக்குக் கை வீங்கி, தோள் இறுகிவிடும். நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண்ணுக்கு இது பிழைப்புப் பிரச்சினை.

எனவே புற்று முதலில் சேரக்கூடிய ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. இவற்றுக்கு சென்டினல் கணு என்று பெயர். சென்டினல் என்றால் காவலாளி. காவலாளியிடம் புற்று இல்லை என்றால் மற்ற கணுக்களை விட்டுவிடலாம்.

இந்தக் கணுவைக் கண்டுபிடிக்க, நீலச் சாயத்தோடு டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளையும் செலுத்துவது வழக்கம். 6 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஸ்டாக் வைக்க முடியாது. நியூக்ளியர் மெடிசின் வசதியும் வேண்டும். சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இது எட்டாத விஷயம்.

காந்தம் என்ன செய்கிறது?

பழைய ஃப்ளாப்பியிலும் ஆடியோ கேசட்டிலும் பழுப்பு நிறப் பூச்சு இருக்குமே, அது இரும்பு ஆக்சைடு. அதையே நானோ துகளாக்கித் திரவத்தில் கலந்து மார்பில் ஊசி போடுகிறார்கள். துகள்கள் நிணநீர் வழியாகச் சென்று சென்டினல் கணுவில் தங்கும். பேனா போன்ற கருவியைத் தோல்மேல் நகர்த்தினால், கணுவை நெருங்க நெருங்க ஒலி மாறும், திரையில் எண் ஏறும்.

ஹார்ட் டிஸ்க் காந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும். இந்தத் துகள்கள் ரேம் மாதிரி. காந்தப்புலம் விலகியதும் மறந்துவிடும்.

இங்கிலாந்தின் எண்டோமேக் நிறுவனத்தின் மேக்ட்ரேஸ் திரவத்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே 160 பெண்களிடம் நடந்த ஆய்வில் பழைய முறை 95 சதவீதமும், காந்த முறை 94.4 சதவீதமும் வெற்றி பெற்றன. ஏறக்குறைய சமம்!

கையில் தட்டுப்படாத சிறு கட்டிக்கு, மேக்சீட் என்ற 5 மி.மீ. இரும்பு விதையை முன்கூட்டியே வைத்துவிடலாம். அடையாளம் வைப்பது கோவையில் ஒரு நாள், ஆபரேஷன் உள்ளூரில் வேறொரு நாள் என்று பிரித்துக்கொள்ள முடியும்.

குறைகள்

* சாதாரண ஸ்டீல் கருவிகள் அளவீட்டைக் குழப்பும். தேடும் நேரத்தில் பிளாஸ்டிக் கருவிகள் வேண்டும்.
* உடலில் தங்கிய துகள்கள் பின்னாளில் எம்.ஆர்.ஐ. படத்தை மறைக்கலாம்.
* மருந்தும் கருவியும் விலை அதிகம்.

காந்தக் கருவி இல்லாவிட்டால் நீலச் சாயத்தை மட்டும் வைத்தும் தேடுவதுண்டு. எனவே வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், "சென்டினல் கணு சோதனை செய்ய முடியுமா டாக்டர்?" என்று முன்பே கேளுங்கள். மார்பில் கட்டி தெரிந்தால், வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள்.