கூலி கேட்காத பின்னல்: தைப்பட்டத் தோட்டமும் உல்லன் பொம்மைகளும்

விருதுநகர் மாவட்டத்தில் 'பின்னல்' என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சரவெடிப் பின்னல்தான். வெடிகளைத் திரியோடு சேர்த்து நூலால் வரிசையாகப் பின்னும் வேலை அது. அதைப்போலவே தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், பட்டாசுத் தொழிலில் குழாய் சுருட்டுதல் என்று எங்கள் பகுதியின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கைவேலை தெரியும். இங்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கும் நான், வாரத்தில் இரண்டு பாடவேளை பிள்ளைகளுடன் உல்லன் நூலில் சிறு விலங்குப் பொம்மைகள் பின்னுகிறேன். தை பிறந்ததும் காய்கறித் தோட்டம் போடுகிறோம். இந்த இரண்டையும் கற்றல் செயல்பாடுகளாக நடத்தும் முறையையும், எங்கள் பகுதியில் இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் கவனத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தயக்கம் நியாயமானதே

"படிக்க அனுப்பினா பின்ன வைக்கிறீங்களா டீச்சர்?" என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டார்கள். மற்ற மாவட்டங்களில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். எங்கள் ஊரில் அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்தது தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986 சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் வீதம் உரிமையாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும், குழந்தையின் கல்வி உறுதி செய்யப்பட வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பின், 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரையும் வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. பிள்ளைகளின் கையிலிருந்து கட்டையையும் குழாயையும் வாங்கிவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதே கையில் நாம் ஊசியையும் நூலையும் கொடுத்தால் பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள்.

கைத்தொழில் வழியாகக் கல்வி என்பது நமக்குப் புதிய சிந்தனை அன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதன் பாடத்திட்டத்தை ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வகுத்தது. நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், 1947இல் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்தது. ஆனால் மாணவர்கள் செய்யும் பொருளின் வருமானத்தில் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற பகுதி அன்றே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. பள்ளி, பட்டறையாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். சிவகாசிப் பகுதியில் பணிபுரியும் ஆசிரியர் அந்த விமர்சனத்தை மறக்கவே கூடாது.

நாங்கள் வகுத்துக்கொண்ட நான்கு விதிகள்

1. எண்ணிக்கை இலக்கு கிடையாது. 'இன்றைக்குள் இத்தனை' என்று ஆசிரியர் சொல்லக் கூடாது.
2. விற்பனை கிடையாது. பொம்மை பின்னிய பிள்ளைக்கு, காய்கறி சத்துணவுக்கு.
3. வீட்டுக்கு வேலை கொடுத்தனுப்புவதில்லை. பள்ளி நேரத்தில் தொடங்கி, பள்ளி நேரத்திலேயே முடியும்.
4. அவிழ்க்கும் உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்றால் எத்தனை முறையும் பிரித்துவிட்டு மீண்டும் பின்னலாம்.

நான்காவது விதியின் பொருளை எனக்குச் சொன்னவர் ஒரு மாணவியின் பாட்டி. ஏழாம் வகுப்பில் படித்த அந்த மாணவி முதல் நாளே, "ஒரு பொம்மைக்கு எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். "இதுக்குக் கூலி கிடையாதும்மா. பின்னினது உனக்குத்தான்" என்றேன். பிறகு அவள் ஒரே அணிலின் தலையை மூன்று முறை அவிழ்த்துப் பின்னினாள். அதைப் பார்த்த பாட்டி, "அங்க இப்படி அவிழ்த்துக்கிட்டு இருந்தா அன்னைக்குக் கூலி போயிரும்" என்றார். கூலிக்குச் செய்யும் வேலையில் தவறு என்பது நட்டம். கற்றலில் தவறு அடுத்த படி. பிள்ளை ஒரு தையலை அவிழ்த்து, எங்கே எண்ணிக்கை பிசகியது என்று தேடும் அந்த ஐந்து நிமிடம்தான் வகுப்பு.

தைப்பட்டம் பள்ளிக்கு ஏற்ற பட்டம்

குளிர் நாடுகளில் பனி உருகியதும் வசந்தத்தில் தோட்டம் போடுவார்கள். நம் இளவேனிலான சித்திரை, வைகாசியில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது பள்ளியும் விடுமுறை. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. எனவே மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் தை மாதமே எங்களுக்கு வசந்தம். பொங்கல் விடுமுறை முடிந்து விதைத்தால் ஆண்டுத் தேர்வுக்கு முன் அறுவடையைப் பார்த்துவிடலாம்.

இந்த மூன்று மாதக் கணக்கில் அடங்கும் பயிர்களையே தேர்ந்தெடுக்கிறோம்.

- தண்டுக்கீரை, சிறுகீரை: 25 நாளில் பறிக்கலாம். பொறுமை குறைந்த சிறு வகுப்புகளுக்கு இதுவே முதல் பயிர்.
- வெண்டை: வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. சுமார் 45 நாளில் முதல் காய். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும்; விட்டால் முற்றிவிடும்.
- கொத்தவரை: 45 செ.மீ. × 15 செ.மீ. வறட்சியைத் தாங்கும்.
- வெள்ளரி: சாத்தூர் வெள்ளரி பேர்பெற்றதாயிற்றே! எங்கள் பிள்ளைகள் அதை விடுவதில்லை.
- கத்தரி: நாற்று விட்டு ஒரு மாதம் கழித்தே நட முடியும். அதனால் டிசம்பரிலேயே நாற்றுவிட்டுக்கொள்கிறோம்.

கரிசல் மண் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். அன்றாடம் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும். மக்கிய குப்பை எருவும் கொஞ்சம் மணலும் கலந்து பொலபொலப்பாக்கி, காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் நீர்த்தேவை குறையும். அரிசி, காய்கறி கழுவிய நீரைச் சத்துணவுக் கூடத்திலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறோம். சோப்பு கலந்த தட்டு கழுவும் நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவதில்லை. பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கிறோம்.

நாற்றுவிடத் தொட்டி வாங்குவதில்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டி, அடிப்பகுதியை மடித்தால் கிண்ணம் தயார். தாளோடு நட்டால் மண்ணில் மக்கிவிடும். குழாய் சுருட்டுவதை வீட்டில் பார்த்த பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறில் தொடங்கும் கணக்கு

பொம்மைக்கு இரட்டை ஊசிப் பின்னலைவிடக் குரோஷாவே வகுப்பறைக்கு ஏற்றது. ஒரே கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணி மட்டும் ஊசியில் இருக்கும். இடையில் மணியடித்தால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். இவ்வகைப் பொம்மைகளை ஜப்பானில் 'அமிகுருமி' என்பார்கள். 'பின்னியது' என்ற பொருள்தரும் சொல்லும் 'அடைத்த பொம்மை' என்ற பொருள்தரும் சொல்லும் இணைந்து வந்த பெயர் இது.

எந்த விலங்கானாலும் தலை ஓர் உருண்டைதான். அதற்கான கணக்கு இது.

- முதல் சுற்று: வளையத்துக்குள் 6 தையல்.
- இரண்டாம் சுற்று: ஒவ்வொரு தையலிலும் இரண்டு. மொத்தம் 12.
- மூன்றாம் சுற்று: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 18.
- அடுத்த மூன்று சுற்றுகள்: கூட்டாமல் 18, 18, 18.
- பிறகு குறைத்துக்கொண்டே 12, 6. கடைசிச் சுற்றுக்கு முன் பஞ்சை அடைத்து, முடித்து இறுக்க வேண்டும்.

ஆறாம் வாய்ப்பாடு ஏறி இறங்குகிறது. "மொத்தம் எத்தனை தையல்?" என்று கேட்டால் கூட்டிப் பார்த்து 108 என்பார்கள். 18ஐ நான்கால் பெருக்கி, 12இன் இரு மடங்கையும் 6இன் இரு மடங்கையும் சேர்த்துக் குறுக்குவழியில் சொல்பவர்களும் உண்டு.

எட்டாம் வகுப்பில் அடுத்த கேள்வி வரும். ஏன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டினால் தட்டையாக வருகிறது? விடை வட்டத்தின் சுற்றளவில் இருக்கிறது. ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 2π, அதாவது ஏறத்தாழ 6.28 அலகு கூடும். ஒரு தையலின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம் என்பதால், ஒரு சுற்று வெளியே போகும்போது சுமார் ஆறு தையல் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் ஓரம் உள்வாங்கிக் கிண்ணமாகும். மிக அதிகமாகக் கூட்டினால் கோழிக்கொண்டைப் பூ போலச் சுருண்டு நெளியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாட்வியாவைச் சேர்ந்த கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் அந்த நெளிவைக்கொண்டே அதிபரவளையத் தளத்தின் மாதிரியைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். தாளில் வரைந்து விளக்கக் கடினமான வடிவவியலை ஊசியும் நூலும் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தன. இதைச் சொன்னதும் 'பின்னுவது பொம்பளைப் பிள்ளை வேலை' என்று ஒதுங்கியிருந்த பையன்களில் சிலர் ஊசி கேட்டு வந்தார்கள்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம். விரலிலேயே நூலை மாட்டிப் பின்னும் விரல் பின்னலில் நீண்ட கயிறு வரும். அதுவே மண்புழு, அதுவே பாம்பு. நீளத்தை அளந்து ஒப்பிடுவது அவர்களுக்கான கணக்கு.

தோட்டத்தில் பார்த்ததைப் பின்னுவோம்

யானை, சிங்கம் என்று தொடங்காமல், தோட்டத்தில் பார்த்த உயிர்களைத்தான் பின்ன வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பொறிவண்டு பின்னும் பிள்ளைக்குக் கால் எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். புத்தகத்தில் 'ஆறு' என்று படித்திருந்தாலும் பாத்திக்குப் போய் எண்ணிவிட்டு வருகிறார்கள். சிலந்திக்கு எட்டு என்று கண்டதும், 'அப்போ சிலந்தி பூச்சி இல்லையா?' என்ற கேள்வி தானாக வருகிறது. வெண்டைக் குருத்தில் ஒட்டியிருக்கும் அசுவினியைப் பொறிவண்டு தின்பதைப் பார்த்தவர்கள், அதன்பின் கண்ட பூச்சியையெல்லாம் நசுக்குவதில்லை. வண்ணத்துப்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி ஆகிய நான்கையும் நான்கு குழுக்கள் பின்னி வரிசைப்படுத்தியபோது, வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்துக்கு வேறு துணைக்கருவி தேவைப்படவில்லை.

தமிழ்ப் பாடவேளையில் அந்தப் பொம்மைகளே கதாபாத்திரங்கள். பேசத் தயங்கும் பிள்ளை, கையில் ஓணானை வைத்துக்கொண்டு ஓணானாகப் பேசுகிறது.

செலவும் பாதுகாப்பும்

உல்லன் நூல் உருண்டையும் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள குரோஷா ஊசியும் பேன்சி கடைகளில் கிடைக்கும். அடைப்பதற்குத் தையல் கடைத் துண்டுத்துணியோ இலவம் பஞ்சோ போதும். கண்ணுக்கு மணி வைக்க வேண்டாம். வீட்டில் தவழும் தம்பி, தங்கை வாயில் போட்டுக்கொள்ளலாம். கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள்.

எங்கள் பகுதி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பட்டாசு ஆலைகளில் மருந்து வந்த சாக்கு, டிரம், வாளி எதையும் தோட்டத்துக்கு எடுக்கக் கூடாது. பேரியம் உப்பு, அலுமினியத் தூள், வெடியுப்பு போன்றவை ஒட்டியிருக்கும் சாக்கில் வளர்த்த கீரையை உண்ணக் கொடுக்க முடியாது. மலிவாகவோ சும்மாவோ கிடைக்கிறது என்று அன்போடு கொண்டுவந்து தருவார்கள். மறுப்பதோடு நிற்காமல் காரணத்தையும் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் அந்த உரையாடலே வேதியியல் பாடமாகவும், வீட்டில் மருந்துச் சாக்கைத் தண்ணீர் பிடிக்கவோ தானியம் வைக்கவோ கூடாது என்ற விழிப்புணர்வாகவும் மாறியது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். முதல் ஆண்டு ஒரு கீரைப் பாத்தி, ஒரு வெண்டைப் பாத்தி. 3 மீட்டர் நீளமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட பாத்தியில் எத்தனை வெண்டைச் செடி கொள்ளும் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு வரிசையில் பத்துப் பத்தாக இருபது வரும். பின்னலுக்கு ஐந்தாறு ஊசிகளும் ஆர்வமுள்ள ஒரு சிறு குழுவும் போதும். கற்றுக்கொண்டவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவார்கள். கடைசிப் பறிப்பில் நல்ல வெண்டைக் காய்கள் சிலவற்றைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, விடுமுறைக்கு முன் ஆளுக்குப் பத்து விதை கொடுத்தனுப்புங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மேற்சொன்ன நான்கு விதிகளையும் முதலிலேயே வாசித்துவிடுங்கள். உழைக்கும் குடும்பங்கள் கைவேலையை இழிவாக நினைப்பதில்லை. தங்கள் பிள்ளையின் நேரம் யாருக்குப் போகிறது என்பதே அவர்கள் கேள்வி. அது பிள்ளைக்கே திரும்பி வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். சத்துணவுச் சாம்பாரில் மிதக்கும் வெண்டைக்காயும், புத்தகப் பையின் ஓரத்தில் தொங்கும் ஒரு கோணல் அணிலும் அதை நம்மைவிடத் தெளிவாகச் சொல்லும்.