அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சிறுதொழில் ஆராய்ச்சித் திட்டம்: நிதியும் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஐக்கிய அமெரிக்காவில் 1982 முதல் நடைமுறையில் உள்ள ‘சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம்’ (எஸ்.பி.ஐ.ஆர்.), அரசின் ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கெனச் சட்டத்தின் வழி ஒதுக்குகின்றது. இதன் மிகப்பெரிய பங்காளி பாதுகாப்புத் துறையாகும். அரசே நிதியளிப்பவராகவும் பொருளை வாங்குபவராகவும் நிற்கும்போது, கண்டுபிடிப்பின் உரிமை யாரிடம் தங்குகின்றது, ஆய்வுக்கூடத்திலிருந்து படைப்பிரிவுக்குச் செல்லும் வழி எங்கே அறுபடுகின்றது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சிறுதொழில், பாதுகாப்புத் தொழில்நுட்பம், அரசு நிதி, தரவுரிமை, துணிகர முதலீடு.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் தேசிய ஆய்வகங்களுக்கும் பெரும் ஒப்பந்த நிறுவனங்களுக்குமே சென்றது. புதிய வேலைவாய்ப்புகளைப் பெருமளவில் உருவாக்குவன சிறு நிறுவனங்களே என டேவிட் பிர்ச் 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையைக் கேள்விக்கு உட்படுத்தியது. அதற்கு முன்பே, 1977இல், தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் சிறு நிறுவனங்களுக்கான நிதியுதவியைச் சோதனை முறையில் தொடங்கியிருந்தார். அச்சோதனையே 1982 ஜூலையில் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட சட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று.

பல்கலைக்கழகங்கள் இச்சட்டத்தை எதிர்த்தன. தங்களுக்கு வரவேண்டிய நிதி குறையும் என்ற அச்சமே அதற்குக் காரணம்; அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. சட்டம் புதிதாகப் பணம் எதையும் வழங்கவில்லை. வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சி நிதி வழங்கும் ஒவ்வொரு துறையும் அந்நிதியிலிருந்தே ஒரு விழுக்காட்டைப் பிரித்தளிக்க வேண்டும் என்றே அது விதித்தது. தொடக்கத்தில் 0.2 ஆக இருந்த அவ்விழுக்காடு படிப்படியாக 1.25, 2.5 என உயர்ந்து, 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2017 முதல் 3.2 ஆயிற்று. பல்கலைக்கழகத்துடன் இணைந்து செயற்படும் நிறுவனங்களுக்கெனத் தனித்திட்டம் ஒன்று 1992இல் உருவானது.

மூன்று கட்டங்கள்

500 அல்லது அதற்குக் குறைந்த பணியாளர்களைக் கொண்ட நிறுவனமே விண்ணப்பிக்க இயலும். முதற்கட்டத்தில் ஒரு கருத்து செயல்படக்கூடியதா என்பது ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஆராயப்படுகின்றது. இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ ஈராண்டுகளில் முன்மாதிரி உருவாக்கப்படுகின்றது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றிற்கான வழிகாட்டு அளவாக முறையே 1,50,000 டாலரையும் 10 லட்சம் டாலரையும் குறித்தது. பணவீக்கத்திற்கேற்ப இவை பின்னர் உயர்த்தப்பட்டன.

மூன்றாம் கட்டமே சிக்கலானது. இதற்குத் திட்டத்தின் நிதியிலிருந்து ஒரு டாலரும் கிடைக்காது. நிறுவனம் தன் பொருளைச் சந்தையில் விற்க வேண்டும். அல்லது படைத்துறையின் வேறொரு நிதித்தலைப்பிலிருந்து ஒப்பந்தம் பெற வேண்டும். முதலிரு கட்டங்களில் ஏற்கெனவே போட்டி நடந்துவிட்டதால், இக்கட்டத்தில் மீண்டும் போட்டியின்றி நேரடியாக ஒப்பந்தம் வழங்கலாம் என்பது சட்டம் தரும் சலுகை. எனினும், அச்சலுகையைப் பயன்படுத்த ஒரு கொள்முதல் அலுவலர் முன்வர வேண்டும். ஆராய்ச்சிக்கு நிதியளிக்கும் பிரிவும் கருவிகளை வாங்கும் பிரிவும் வெவ்வேறு வரவுசெலவுத் திட்டங்களையும் கால அட்டவணைகளையும் கொண்டவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியையே ஆய்வாளர்கள் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என வழங்குகின்றனர். முன்மாதிரி நன்றாக இயங்கியும், அடுத்த ஆண்டின் ஊதியத்திற்கு வழியின்றி நிறுவனங்கள் நலிவது இவ்விடத்திலேயாகும்.

இப்பள்ளத்தைக் கடந்த ஒரு நிறுவனமாக சாவி டெக்னாலஜியைக் குறிப்பிடலாம். 1989இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மின்கலத்துடன் இயங்கும் வானொலி அடையாளவில்லைகளை இத்திட்டத்தின் நிதியுதவியுடன் வளர்த்தெடுத்தது. 1990–91 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகளுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 40,000 கொள்கலன்களுள் 25,000 வரை, உள்ளே என்ன இருக்கின்றது எனத் தெரியாமையால் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. வில்லையின் பயனை மெய்ப்பிக்க இதனினும் வலுவான சான்று தேவைப்படவில்லை. படைத்துறைக்கு அப்பொழுது அவசரத் தேவை ஒன்று இருந்தது. அத்தேவைக்கு விடையாகும் பொருள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் இத்தகைய பொருத்தம் வாய்ப்பதில்லை.

உரிமைச் சிக்கல்

நிதி அரசுடையது எனினும், ஆய்வில் விளையும் தொழில்நுட்பத் தரவுகளை அரசு குறிப்பிட்ட காலம் வரை பிறருக்கு வெளிப்படுத்தலாகாது என்பது இத்திட்டத்தின் உயிர்நாடியான விதி. 2019ஆம் ஆண்டுக் கொள்கை ஆணை அக்காலத்தை 20 ஆண்டுகளாக நிறுவியது. அதற்கு முன் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் இது பணி முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுகளாக மட்டுமே இருந்தது. ஒரு படைக்கருவி ஏற்கப்பட்டு உற்பத்திக்கு வருவதற்கே அதனினும் மிகுதியான காலம் ஆகலாம் என்பதை நோக்க, பழைய விதி பெயரளவுப் பாதுகாப்பே எனலாம்.

விதியின் சொற்களுக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவை நைட் விஷன் கார்ப்பரேஷன் தொடுத்த வழக்கு காட்டுகின்றது. பரந்த பார்வைப் புலம் கொண்ட இரவுக்காட்சிக் கண்ணாடியை வான்படைக்காக இத்திட்டத்தின் இரு கட்டங்களிலும் உருவாக்கிய அந்நிறுவனத்திற்கு, அடுத்த கட்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அதனிடம் துணை ஒப்பந்ததாரராக இருந்த நிறுவனத்திற்கு அது சென்றது. ஒப்படைக்கப்பட்ட கண்ணாடிகள் உரிமைக் குறியீடு இடப்படாத பொருள்களே, பாதுகாக்கப்பட்ட தரவுகள் அல்ல என்றும், மூன்றாம் கட்டத்தைத் தருவதாக அரசு ஒப்பந்தத்தில் உறுதியளிக்கவில்லை என்றும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. சட்ட நோக்கில் தீர்ப்பு முரணற்றது. ஆயினும், ஒரு சிறு நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பு, ஆவணத்திலும் கருவியிலும் இடவேண்டிய ஒரு முத்திரையைச் சார்ந்து நிற்கின்றது என்பது அதனால் வெளிப்பட்டது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம், இயன்ற அளவு முழுமையாகத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய நிறுவனத்திற்கே மூன்றாம் கட்ட ஒப்பந்தம் வழங்கப்பட வேண்டும் என வலியுறுத்தியது.

பயனை அளத்தல்

ஜோஷ் லெர்னர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, நிதிபெற்ற நிறுவனங்கள் பிறவற்றினும் விரைந்து வளர்ந்தன எனக் கண்டது; ஆனால் அவ்வளர்ச்சி துணிகர முதலீடு செறிந்த பகுதிகளிலேயே காணப்பட்டது. பல விருதுகளைப் பெற்ற நிறுவனங்கள் ஒன்றைப் பெற்றவற்றைவிடச் சிறப்பாக வளரவும் இல்லை. எரிசக்தித் துறையின் விருதுகளை ஆராய்ந்த சப்ரீனா ஹவல், முதற்கட்ட நிதி ஒரு நிறுவனம் பின்னர்த் துணிகர முதலீடு பெறும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகின்றது என 2017இல் நிறுவினார். இரண்டாம் கட்டத்தின் விளைவு அத்தகையதாக இல்லை. முன்மாதிரியைச் செய்து பார்க்க உதவும் சிறுதொகையே பெரும்பயன் தருகின்றது என்பது இதன் உட்பொருள்.

பாதுகாப்புத் துறையின் மரபான முறையில், தேவைப்படும் பொருளின் இயல்புகளை அலுவலர்களே வரையறுத்து அறிவிப்பர். வான்படை 2018இல் இதற்கு மாற்றாக, கருப்பொருளை வரையறுக்காத ‘திறந்த’ போட்டியைத் தொடங்கியது. ஹவலும் பிறரும் இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். திறந்த போட்டியில் வென்றவை இத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட படைத்துறை ஒப்பந்தங்களையும் துணிகர முதலீட்டையும் பெறும் வாய்ப்பு உயர்ந்தது. மரபான போட்டியில் வென்றவற்றுக்கு உயர்ந்த வாய்ப்பு, இத்திட்டத்திலேயே மற்றொரு விருதைப் பெறுவதுதான். ஆண்டுதோறும் விருதுகளையே வருவாயாகக் கொள்ளும் நிறுவனங்களை ‘ஆலைகள்’ எனக் கேலியாகச் சுட்டும் வழக்கு இதனால் எழுந்ததே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. துணிகர முதலீட்டை வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது படைத்துறைக்கு முற்றிலும் பொருந்தாது. நீர்மூழ்கிக் கப்பலின் ஓர் உணரி சில நூறு எண்ணிக்கையில் மட்டுமே தேவைப்படலாம். அதற்கு முதலீட்டாளரும் இல்லை, பொதுச்சந்தையும் இல்லை. எனினும் அது பயனற்றதாகிவிடாது. பல விருதுகளைப் பெறும் நிறுவனம் சோம்பேறி நிறுவனமா, படைத்துறைக்கு நம்பகமான சிறப்பு ஆய்வகமா என்பதை விருதுகளின் எண்ணிக்கை மட்டும் காட்டுவதில்லை.

இக்கேள்வியே திட்டத்தின் எதிர்காலத்தையும் பாதித்தது. 2022இல் நீட்டிக்கப்பட்டபோது, பல விருதுகள் பெறும் நிறுவனங்களுக்குச் செயல்திறன் அளவுகள் கடுமையாக்கப்பட்டன. வெளிநாட்டுத் தொடர்புகளை ஆராயும் நடைமுறையும் சேர்க்கப்பட்டது. அந்நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30 அன்று முடிவுற்றது. ஒரு நிறுவனம் தன் வாழ்நாளில் பெறக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும் என ஒரு சாராரும், மாற்றமின்றி நீட்டிக்க வேண்டும் என மற்றொரு சாராரும் நின்றமையால், அந்நாளுக்குள் காங்கிரசில் உடன்பாடு ஏற்படவில்லை. புதிய கருப்பொருள் அறிவிப்புகள் நின்றன. முதற்கட்டத்தை முடித்து இரண்டாம் கட்டத்திற்குக் காத்திருந்த நிறுவனங்கள், ஆய்வாளர்களைப் பணியில் நிறுத்திவைப்பதா விடுவிப்பதா என முடிவெடுக்க வேண்டிய நிலையில் நின்றன.