குடிப்பழக்கமும் பேச இயலாக் குழந்தையும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் சம்பள நாளின் மாலை ஏனைய நாட்களின் மாலையைப் போன்றதன்று. கடைத்தெருவிற் கடன்காரர் காத்திருப்பர். சாராயக் கடையிலும் கூட்டம் இருக்கும். அத்துணைத் தூரம் செல்லாதவர்க்குத் தோட்டத்துக்குள்ளேயே கசிப்புக் கிடைப்பதும் உண்டு. அன்றிரவு ஒரு காம்பராவில் எழும் சச்சரவு அந்த லயம் முழுவதற்கும் கேட்கும். ஓடத் தெரிந்த பிள்ளைகள் அயல் வீட்டில் ஒதுங்கிவிடுவர். நடக்கவோ, நடந்ததைப் பிறரிடம் சொல்லவோ இயலாத குழந்தை மட்டும் பாயிலேயே கிடக்கும்.

அத்தகைய குழந்தைக்கு மதுவினால் வரும் தீங்கு கருவிலேயே தொடங்கியிருக்கவும் கூடும். கர்ப்பிணி அருந்தும் மது நச்சுக்கொடி வழியே சிசுவின் இரத்தத்திற் கலந்து, உருவாகிவரும் மூளையைத் தாக்குகின்றது. 1968இல் பிரான்ஸ் நாட்டின் நாந்த் நகரத்து வைத்தியர் போல் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து இதனை எழுதினார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள் இந்நோய்க்குப் பெயரிட்ட பின்னரே உலகம் செவிசாய்த்தது. கர்ப்ப காலத்தில் இவ்வளவு அருந்தினால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை.

ஆயினும், வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் கண்டவுடன் தாயின் மேற் பழி சுமத்துதல் பெருங்கொடுமை. பிரசவத்தின்போது மூச்சுத் திணறல், பிறந்தவுடன் கடுமையான மஞ்சட் காமாலை, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் காரணங்கள் எனப் பல உண்டு. ஒரு துளி மதுவும் தொட்டறியாத தாய்மார் ஊராரின் ஏச்சைச் சுமக்கின்றனர். ஆனால், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைப் போதையென எவரும் கருதுவதில்லை! அது சிசுவின் பிறப்பு நிறையைக் குறைக்கவல்லது.

பிறந்த பின்னர் நேரும் ஆபத்துக்களோ நாளாந்தம் கண்முன் நடப்பவை. அவற்றுட் பல தடுக்கத்தக்கவை. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் பலருக்கு வலிப்பும் இருக்கும். வலிப்பு மருந்தைக் குறித்த வேளையிற் கொடுத்தல் வேண்டும். திடீரென நின்றால் வலிப்பு அடங்காமற் தொடர்ந்து உயிருக்கே இறுதியாகலாம். போதையிலிருக்கும் தந்தை மாலை வேளை மருந்தை மறப்பதும், மறுநாள் அச்சத்தில் இரட்டிப்பாகக் கொடுப்பதும் இரண்டும் தவறே. தசை இறுக்கமுள்ள பிள்ளைக்கு நிமிர்த்தி வைத்து, சிறிது சிறிதாக உணவூட்ட வேண்டும். அவசரத்திற் படுக்கவைத்து ஊட்டினால் சோறு சுவாசப்பைக்குட் புகும். மலைநாட்டுக் குளிருக்குச் சிறிது சாராயம் புகட்டினாற் சூடேறும் என்ற நம்பிக்கையோ மிகப் பொல்லாதது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடற்சூட்டை வெளியேற்றுகின்றது. குழந்தையின் இரத்தத்திற் சர்க்கரையையும் குறைக்கின்றது. வலிப்பு மருந்தோடு சேரின் சுவாசமே தளர்ந்து போகலாம்.

பகலிற் பிள்ளைக்காம்பரா உண்டு. முன்னாளில் ஒரு கிழவி காவலிருந்த அவ்விடம், இன்று பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் சிறுவர் அபிவிருத்தி நிலையமாகிப் பல தோட்டங்களில் விளங்குகின்றது. குறைபாடுள்ள பிள்ளையை அங்கே அனுப்பத் தாய் கூசுவதுண்டு. உண்மையில், முதலில் அனுப்பப்பட வேண்டியது அப்பிள்ளையே. உடலின் காயமும் முகத்தின் வாட்டமும் அங்குள்ளவர் கண்ணுக்குத் தப்பமாட்டா. நுவரெலியாவில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே மென்கஃபெப் என்னும் நிலையமும் இயங்கி வந்துள்ளது.

ஆனால், கொழுந்து நிறுத்துத் தாய் வீடு திரும்பும்போது பிள்ளைக்காம்பராவும் மூடப்படுகின்றது. ஆபத்து அதன் பின்னரே தொடங்குகின்றது. ஆதலின் இரவுக்கென ஓர் ஆளை முன்னரே நியமித்தல் அவசியம். பாட்டியோ, அத்தையோ, அயல் வீட்டுப் பெண்ணோ, எவராயினும் மதுவருந்தாத ஒருவர், மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை அறிந்திருத்தல் வேண்டும். சம்பள நாளன்று பொழுது சாயுமுன் பிள்ளையும் மருந்துப் போத்தலும் அவர் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த இரவு கழிந்துவிடும்.

தந்தையைத் திருத்த முயல்வோரும் ஒன்றை அறிதல் நன்று. நெடுநாட் பெருங்குடியர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் பிதற்றலும் வலிப்பும் வரலாம். கோவிலிற் சத்தியம் வாங்குவது மட்டும் போதாது. வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லல் வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காவிடிற் சட்டம் இருக்கின்றது. குழந்தையை வேண்டுமென்றே கவனியாது விடுதலும் குற்றமென 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் கூறுகின்றது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் தொலைபேசி எண்ணில் அயலாரே அறிவிக்கலாம். அறிவித்தாற் பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிக்குக் கொண்டு போய்விடுவர் என்னும் அச்சமே பலர் வாயை அடைக்கின்றது. அஃது ஒன்றே வழியன்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுந்த ஒருவர் பொறுப்பில் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அவர் உறவினராகவும் இருக்கலாம். சம்பள நாள் தோறும் மருந்துப் போத்தலை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தப் பாட்டியின் பெயரையே மன்றில் முன்மொழிய இடமுண்டு.