திரையும் பிறையும்

“பிறை தெரிந்ததா?” என்று மத்ரஸாவில் கேட்டேன். “கைப்பேசியில் செய்தி வரும், ஹஜ்ரத்” என்றான் மாணவன் ஒருவன். வானத்தை அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அன்புப் பெற்றோர்களே! 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்ந்திருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். வளர்ந்த பிள்ளைகளுக்கோ அளவுடன் நம் துணையும் வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நிகழ்ச்சியின் பதிவைப் பிள்ளைகளுடன் அமர்ந்து காணுங்கள். அவர்தம் ஐயங்களுக்கு விடை கூறுங்கள். பிறகு திரையை அணைத்துவிடுங்கள். பிறை 29 அன்று மக்ரிப் தொழுததும் மாடிக்கு அழைத்துச் சென்று மேற்கு வானைக் காட்டுங்கள். திரையில் கண்டது அங்கேதான் கல்வியாக நிலைபெறும்.

அவ்வேளையில் நம் கைப்பேசிகளும் கீழேயே இருக்கட்டும். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அன்றோ!