இழந்த எடை ஏன் திரும்பி வருகிறது?

"முன்பு சாப்பிட்டதில் பாதிகூட இப்போது நான் சாப்பிடுவதில்லை, ஆனாலும் உடம்பு ஏறிக்கொண்டே போகிறதே!"

ஐம்பது வயதை நெருங்கும் பெண்கள் இப்படி அங்கலாய்ப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் உங்கள் தாயாராக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைத்த ரவிக்கை கையில் இறுகுகிறது. மூன்று மாதம் இரவுச் சோற்றை நிறுத்தி, விடியற்காலையில் நடந்து, நான்கு கிலோ இறங்குகிறது. அடுத்த தீபாவளிக்குள் அந்த நான்கும் திரும்பிவிடுகின்றன. சில சமயம் கூடவே ஒன்றையும் அழைத்து வருகின்றன! வீட்டிலுள்ளோர் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா?

உடலின் அடுப்பு தணிகிறதா?

நாற்பதைத் தாண்டினால் உடல் உணவை எரிக்கும் வேகமே தளர்ந்துவிடும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. இதைச் சோதிப்பது எளிதன்று. ஒருவரை ஓர் அறைக்குள் வைத்து அவருடைய மூச்சை அளக்கலாம். ஆனால் அறைக்குள் இருப்பவர் சமைப்பதில்லை, கடைக்குப் போவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு குவளைத் தண்ணீர்!

நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று அறிவீர்கள். இரண்டுக்கும் கதிரியக்கம் இல்லாத, சற்றுக் கனமான ஐசோடோப்புகள் உண்டு. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த நீரை ஒருவர் பருகினால் அது உடலிலுள்ள நீர் முழுவதிலும் பரவிவிடும். பின்னர் சிறுநீர், வியர்வை, மூச்சிலுள்ள ஈரம் ஆகியவற்றின் வழியே ஹைட்ரஜன் நீராக வெளியேறும். ஆக்சிஜனுக்கோ இரண்டு வாசல்கள்: அது நீராகவும் வெளியேறும், கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஆகவே கன ஆக்சிஜன் விரைவில் குறைகிறது. இரண்டும் குறையும் வேகங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு அவர் வெளிவிட்ட கரியமில வாயுவைக் கணக்கிடலாம். அதிலிருந்து அவர் எரித்த கலோரிகளையும் அறியலாம். ஒன்றிரண்டு வாரங்களுக்குச் சிறுநீர் மாதிரிகள் கொடுத்தால் போதும். அவர் தம் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நேதன் லிஃப்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1950களில் விலங்குகளுக்காக வகுத்த இந்த முறை, 1982இல் மனிதர்களிடம் கையாளப்பட்டது.

இவ்வாறு அளக்கப்பட்ட 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஒன்று திரட்டப்பட்டு, 2021ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியாயின. உடலின் அளவையும், அதில் தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, 20 வயது முதல் 60 வயது வரை எரியும் வேகம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தனியான சரிவு ஏதும் தென்படவில்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது.

அப்படியானால் ரவிக்கை இறுகுவானேன்? "தசையையும் கொழுப்பையும் கணக்கில் கொண்டு" என்ற சொற்களைக் கவனியுங்கள். சூடம்மா மாறவில்லை, விறகுதான் மாறிவிட்டது என்று சொல்லலாம். தசை ஓய்விலும் ஆற்றலைச் செலவிடும். கொழுப்பு மிகக் குறைவாகவே செலவிடும். அமெரிக்காவில் 1996 முதல் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஆண்டுகளில் கொழுப்புச் சேரும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காவதையும், அதே காலத்தில் தசை குறையத் தொடங்குவதையும் காட்டியது. எடைக் கருவியோ ஆண்டுக்கு அரைக் கிலோ அளவு ஏற்றத்தையே காட்டும். உள்ளே நடக்கும் பண்டமாற்று அதற்குத் தெரியாது.

அந்த அரைக் கிலோ எவ்வளவு சிறிய மிச்சத்திலிருந்து வருகிறது தெரியுமா? ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அரைக் கிலோவுக்கு 3,850. இதை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்துக் கலோரிதான். அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை! (உடல் பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடுவதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சற்றுப் பெரிது.) இவ்வளவு நுண்ணிய மிச்சத்தை எவராலும் கண்ணால் கண்டு தடுக்க இயலாது.

"பாதிகூடச் சாப்பிடுவதில்லை" என்ற பேச்சுக்கும் விடை உண்டு. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். அவர்கள் உடல் எரிக்கும் வேகத்தில் குறையேதும் இல்லை. ஆனால் உண்மையில் உண்டதைவிடச் சராசரி 47 சதவீதம் குறைவாகவே அவர்கள் எழுதி வைத்திருந்தனர். இவர்கள் பொய் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். தட்டில் போட்டுக்கொண்டு உண்பதுதான் நினைவில் நிற்கும். தாளிக்கும்போது ருசி பார்த்த கரண்டி, பேரன் தட்டில் மிஞ்சிய பாதித் தோசை, வீணாகக்கூடாதே என்று வழித்துப் போட்டுக்கொண்ட கடைசிப் பிடி சோறு ஆகியவற்றை எந்தத் தாய் எழுதி வைப்பாள்? கடைசியில் உண்பவர்களுக்குத்தான் மிச்சம் வந்து சேர்கிறது.

இடம் மாறும் கொழுப்பு

சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் காலத்தில் பெண்ணுடலில் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பின் கீழும் தொடையிலும் தங்குகிறது. அந்த ஹார்மோன் குறைந்ததும் அது வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேர முற்படுகிறது. தொடைக் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்போ இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்வதோடு, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது.

நம் நாட்டவர்க்கு இது கூடுதல் கவலை. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யட்கினுடன் சேர்ந்து 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! ஆகவேதான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர். இந்திய அரசு 2019-21இல் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்களாக இருந்தனர்.

உடல் நடத்தும் எதிர்ப்புப் போராட்டம்

சரி, எடையைக் குறைத்துவிட்டோம். பிறகு என்ன நடக்கிறது? இங்கேதான் அந்த விசித்திரம்.

கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் கண்டறியப்பட்ட இது, "கையிருப்புப் போதுமானது" என்று மூளைக்கு அனுப்பும் செய்தி எனலாம். இரைப்பையில் சுரக்கும் கிரெலினோ பசியைத் தூண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்தார்கள். அவர்கள் சராசரி 13.5 கிலோ இழந்தனர். லெப்டின் சரிந்தது, கிரெலின் உயர்ந்தது, இது எதிர்பார்த்ததே. ஓர் ஆண்டு கழித்துச் சோதித்தபோது எடையில் ஒரு பகுதி திரும்பிவிட்டது. ஆனாலும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை! 2011இல் வெளியான இந்த ஆய்வு காட்டுவது யாதெனில், நாம் அழகுக்காகவும் நலத்துக்காகவும் மெலிந்ததை உடல் ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்த எதிர்ப்பின் வலிமையை அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2016இல் கணக்கிட்டனர். இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ, அதே கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. நான்கு கிலோ இழந்த பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய செலவில் 100 கலோரி குறைந்துவிட்டது. பசி 400 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. நான்கு கிலோவையும் திரும்பச் சேர்க்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது ஒரு வேலை. அந்தக் கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்கான முறைகளையே பத்திரிகைகள் விளம்பரப்படுத்துகின்றன. 'முப்பது நாளில் பத்துக் கிலோ' என்பவர் முப்பத்தோராம் நாளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தாக்குப்பிடித்தவர்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1990களில் 44 முதல் 50 வயது வரையிலான 535 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் கொழுப்பும் கலோரியும் குறைந்த உணவு உண்டு, நடை முதலிய உடலுழைப்பைக் கூட்டினர். அவர்களுக்கு வைத்த இலக்கு மிகச் சிறியது: அவரவர் எடைக்கேற்ப 2 முதல் 7 கிலோ வரைதான். நாலரை ஆண்டுகளுக்குப் பின், அதாவது பலருக்கு மாதவிடாய் நின்றுகொண்டிருந்த காலத்தில், மற்றப் பிரிவினர் சராசரி 2.4 கிலோ ஏறியிருந்தனர். பயிற்சி பெற்றவர்களோ தொடங்கிய எடையிலேயே நின்றனர். ஏறாமல் நிற்பது என்ன சாதனை என்று கேட்காதீர்கள். இந்த வயதில் அதுவே பெரிய வெற்றி என்பது என் கருத்து. ஏறுவதற்கு முன் தடுத்தால், பஞ்சத்துக்கு அஞ்சும் ஹார்மோன்களோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை அல்லவா?

ஏற்கெனவே ஏறிவிட்டவர்கள், எடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தாலும் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீர்படுவதைக் காணலாம். 70 கிலோ உள்ளவர்க்கு இது மூன்றரைக் கிலோ.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் எலும்பின் அடர்த்தியும் குறையும் என்பதை மறக்கலாகாது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தானாகவே தேய்கிறது. பட்டினி அதற்குத் துணைபோகும். 65 வயதைக் கடந்த 160 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. உணவைக் குறைத்ததோடு நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்கள் தசை முதலிய கொழுப்பற்ற பகுதியில் 5 சதவீதம் இழந்தனர்; எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் 2 சதவீதமே இழந்தனர். இரண்டையும் செய்தவர்கள் உடல் திறனில் முந்தினர்.

இதற்காக உடற்பயிற்சிக் கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதுபோல் தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரு கைகளிலும் தூக்கி இறக்குங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் செய்து, எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையும் பளுவையும் கூட்டுங்கள். முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது. "வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?" என்பார்கள். ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்த நாளில் அது போதியதாக இருந்திருக்கலாம். மிக்ஸியின் பொத்தானை அழுத்துவதில் தோள் தசைக்கு வேலையில்லை.

தசைக்கு வேலையோடு புரதமும் வேண்டும். நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருப்பதே வழக்கம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறைகள், தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டவேண்டாம் என்கின்றன. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ, கெட்டிப் பருப்போ, முட்டையோ, மீனோ, தயிரோ வைத்தால் பசியும் அடங்கும். எண்ணெயில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: ஒரு தேக்கரண்டியில் 45 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு உண்டு. 13.6 கிலோவாவது குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் அதில் சேரலாம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெற்றி பெற்றவர்களே பெயர் கொடுத்ததால் அதை முழு உண்மையாகக் கொள்ள முடியாது. எனினும் அவர்களிடையே சில பழக்கங்கள் பொதுவாக இருந்தன. பலரும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கின்றனர்; பெரும்பாலும் நடை. வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கின்றனர். ஒரு கிலோ ஏறும்போதே கவனித்துவிட்டால், ஐந்து கிலோ ஏறியபின் திகைக்க வேண்டியதில்லை.

அண்மை ஆண்டுகளில் வந்துள்ள செமாகுளுடைட் முதலிய ஊசி மருந்துகள் பசியின் குரலையே தணிப்பதால் எடையை நன்கு குறைக்கின்றன. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உடல் மறப்பதில்லை என்பதற்கு இதுவும் சான்று. மருத்துவர் மேற்பார்வையின்றி இவற்றைத் தொடக்கூடாது. எடையேற்றத்தோடு சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவையும் இருந்தால் தைராய்டு சோதனை செய்துகொள்ளுங்கள்.

எடைக் கருவி இல்லாத வீட்டிலும் தையல் நாடா இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டதும் அளவைப் படியுங்கள். நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு நேரே எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மீண்டும் அளவெடுங்கள்.