ஆர்டர் எடுப்பதும் ஒரு தொழில்

கைத்தொழிற் பொருள்களை விற்பதில் இரு முறைகள் உண்டு. செய்து வைத்துக்கொண்டு வாங்குவோரை எதிர்பார்ப்பது ஒன்று; வாங்குவோர் கேட்டபின் அவர் விருப்பப்படி செய்து கொடுப்பது மற்றொன்று. முன்னைய முறையில் சரக்குத் தேங்கிவிடுமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. பின்னைய முறையில் அவ்வச்சத்துக்கு இடமில்லை என்று நம் சங்க அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை ஒரு சேலை எனக்கு உணர்த்திற்று. தவற்றைத் திருத்தும் வழியை ஒரு தொப்பியும், நான் பணியாற்றும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றும் காட்டின. அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அவற்றை இங்கு எழுதுகிறேன்.

திரும்பி வந்த சேலை

சில ஆண்டுகளுக்கு முன் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. சரக்கு இருப்பைச் சரிபார்க்கையில், மற்றவற்றோடு சேராமல் தனியே ஒரு முகூர்த்தச் சேலை இருக்கக் கண்டேன். அதன்மேல் குத்தியிருந்த சீட்டில், “ஆர்டர், திருப்பப்பட்டது” என்று எழுதியிருந்தது. நெசவில் ஒரு குற்றமும் இல்லை. கரை நேராக ஓடியிருந்தது; முந்தி நிறைவாக இருந்தது. பின் ஏன் திரும்பிற்று?

ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். “அரக்கு உடல், பச்சைக் கரை, 6 கஜம்” என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. சாயமிட்டவர் கருஞ்சிவப்பே அரக்கு என்று கொண்டார். மணப்பெண்ணின் தாயார் மனத்திலிருந்ததோ, குங்குமத்துக்குச் சற்றே ஆழ்ந்த சிவப்பு. “எங்கள் வீட்டில் இதைத்தான் அரக்கு என்போம்” என்று இரு தரப்பாரும் சொன்னார்கள். இருவர் சொன்னதும் உண்மையே. முகூர்த்த நாள் நெருங்கிவிட்டமையால், பெண் வீட்டார் வேறு கடையில் வேறு சேலை எடுத்துக்கொண்டனர்.

நெய்தவருக்கு உரிய கூலி, சேலை விற்ற பிறகு தருவதாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் அறுபதைக் கடந்த பெரியவர். தார் சுற்றிக் கொடுத்தவர் அவர் மனைவியார். அவர் என்னிடம் வந்து, “ஐயா, என் கையில் பிழை இருந்தால் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லில் இருந்த பிழைக்கு நானா பொறுப்பு?” என்று கேட்டார்.

எனக்கு விடை சொல்ல இயலவில்லை. முந்தைய ஆய்வின்போது அதே ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துக் கையொப்பமிட்டவன் நான். முன்பணத்துக்கு ரசீது எண் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்த்தேனே அன்றி, எழுதியிருந்த சொற்களைப் படித்துப் பார்த்தேனில்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆர்டர்தான் சரியாக இல்லை.

ஒரு தொப்பிக்கு எத்தனை கேள்விகள்!

அண்மையில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் சிற்றப்பா மகன், கையால் செய்யப்படும் தொப்பி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தான். வெயிலுக்கும் குளிருக்கும் அங்கே தொப்பி வேண்டியிருக்கிறது. தொப்பிக்காரர் அவனிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னாராம். வேடிக்கையாக இருக்கிறதென்று அதன் படியை எனக்கு அனுப்பியிருந்தான். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அவன் கேட்டது ‘பெடோரா’ என்னும் வகை. உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பும், முன்புறம் இருபக்கமும் விரலால் அழுத்தினாற்போன்ற குழிவும், சுற்றிலும் விளிம்பும் உடைய மென்மையான தொப்பி அது. 1882-ல் பாரிசில் அரங்கேறிய ஒரு நாடகத்தின் தலைவி பெயரே அதற்கு வழங்கலாயிற்று. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார்.

இத்தொப்பிக்குரிய ஃபெல்ட் என்னும் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை என்பது நம் நெசவாளர்களுக்கு வியப்பளிக்கும். முயல், பீவர் முதலிய பிராணிகளின் மென்ரோமத்தைக் கூம்புபோல் படியவைத்து, வெந்நீரும் அழுத்தமும் கொடுத்துத் திரும்பத் திரும்ப உருட்டுவார்கள். ரோமங்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, கூம்பு சுருங்கிக்கொண்டே வரும். பிறகு நீராவி காட்டி, மர அச்சின்மேல் இழுத்து வடிவம் கொடுப்பார்கள். விறைப்புக்காக அதில் ஏற்றுவது பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில் விளையும் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் ஆகும். சேலையில் சண்டை மூட்டிய அரக்கு, தொப்பியில் துணை நிற்கிறது!

நிற்க. கேள்வித்தாளின் முதற் கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. “இதை எங்கே, எப்போது அணியப் போகிறீர்கள்?” என்பதே முதற் கேள்வி. மழையில் அணிபவருக்குக் கனத்த ஃபெல்ட் வேண்டும். வெயிலில் அணிபவருக்கு இலேசானது வேண்டும். இரண்டாவது கேள்வி தலையின் சுற்றளவு. புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே, தொப்பி அமரும் இடத்தில் நாடாவைச் சுற்றி, இரண்டு மூன்று முறை அளந்து எழுத வேண்டும். அதுவும் போதாது. 58 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலைகள் எல்லாம் ஒரே வடிவின அல்ல; ஒன்று நீண்டிருக்கும், மற்றொன்று உருண்டிருக்கும். இதற்காகவே 19-ம் நூற்றாண்டில் பாரிசில் ஒரு கருவி செய்தனர். அதைத் தலையில் வைத்து அழுத்தினால், தலையின் வடிவம் சிறிய அளவில் ஒரு காகிதத்தில் ஊசித் துளைகளாக விழும்.

அதன் பின்னரே ஃபெல்ட்டின் தரமும் கனமும் நிறமும், உச்சியின் உயரமும், விளிம்பின் அகலமும், விளிம்பு ஓரத்தை வெட்டியபடி விடுவதா, ரிப்பன் வைத்துத் தைப்பதா என்பதும் வருகின்றன. உள்ளே வைக்கும் தோற்பட்டையும் உள்துணியும் அதற்கு அடுத்தவை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், வாங்குவோர் முதலில் பேச விரும்பும் வெளி ரிப்பனின் நிறம்.

இந்த வரிசைக்குக் காரணம் என்ன? பின்னர் மாற்ற முடியாதவற்றை முன்னர்க் கேட்கிறார் அவர். ஃபெல்ட்டின் கனத்தைப் பிறகு மாற்ற இயலாது. அகன்ற விளிம்பை வெட்டிக் குறைக்கலாம். குறைந்ததை அகலமாக்க வழியில்லை. உச்சி மடிப்பை நீராவி காட்டி மீண்டும் அமைக்கலாம். ரிப்பனை எந்த நாளிலும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்வியின் எதிரிலும், “மாற்றலாம்”, “மாற்ற இயலாது” என்று அச்சிட்டிருந்தது. இது தொழிலறிந்தவர் செய்த வேலை.

இன்னொன்றும் கவனித்தேன். விளிம்பின் அகலத்துக்கு மூன்று அளவுகளே கொடுத்திருந்தார். “எப்படி வேண்டுமானாலும் செய்து தருகிறோம்” என்று எழுதவில்லை. முப்பது அளவுகளைக் காட்டினால் வாங்குவோர் மயங்குவார். தாம் தேர்ந்ததில் பிறகு நிறைவும் கொள்ளமாட்டார். தமக்குச் செய்யத் தெரிந்த நல்ல மூன்றை எடுத்து வைப்பதும் கைவினைஞரின் கடமையே.

விருத்தாசலத்துப் பட்டறையில்

இதே ஒழுங்கை நான் எங்கோ கண்டிருக்கிறேன் என்று தோன்றிற்று. நினைத்துப் பார்த்தேன், என் அலுவலகம் இருக்கும் ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண் அருகிலிருப்பதால் இத்தொழில் இங்கு வேரூன்றிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு உள்ளன. அகல் விளக்கு, பொம்மை, கோப்பை, மின்கம்பிக்குரிய பீங்கான் முதலிய பல பொருள்கள் இங்கு உருவாகியிருக்கின்றன.

அங்குள்ள பட்டறை ஒன்றில் நான் இருந்தபோது, உணவு விடுதிக்காரர் ஒருவர் தம் விடுதிப் பெயரிட்ட கோப்பைகள் கேட்டு வந்தார். “உயரம் 9 சென்டிமீட்டர்” என்றார். பட்டறைக்காரர் உடனே, “சுட்ட பிறகு ஒன்பதா, சுடுவதற்கு முன் ஒன்பதா, ஐயா?” என்று கேட்டார். வந்தவர் திகைத்தார். களிக்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, களி சுவரில் படிகிறது. அது காயும்போதும் சுருங்கும். சூளையில் வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது களிக் கலவையைப் பொறுத்தது. நூற்றுக்குப் பத்துச் சுருங்கும் களியானால், சுட்டபின் 9 சென்டிமீட்டர் நிற்க வேண்டிய கோப்பைக்கு அச்சு 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அச்சுச் செய்தபின் இதைக் கேட்டுப் பயனில்லை.

நிறமும் அப்படியே. கோபால்ட் கலந்த பூச்சு, சுடுமுன் தன் நீலத்தைக் காட்டாது. சூளையிலிருந்து வந்தபின்பே நீலம் தெரியும். ஆகவே பட்டறைக்காரர் பூச்சுக் குழம்பைக் காட்டாமல், சுட்டெடுத்த மாதிரிச் சில்லுகளை வரிசையாக வைத்து, “இவற்றுள் எது?” என்று கேட்டார். விடுதிக்காரர் ஒன்றைத் தொட்டார். அதன் எண் சீட்டில் ஏறிற்று. அங்கே ‘நீலம்’ என்ற சொல்லே பேசப்படவில்லை.

தறியில் எது மாறும், எது மாறாது?

தொப்பிக்காரரின் முறையை நம் தறிக்குப் பொருத்திப் பார்ப்போம். பட்டுச் சேலையில் மாற்ற முடியாதது பாவு. உடலின் பாவு நிறம், கரையின் அகலமும் நிறமும், நீளம், அச்சின் நெருக்கம் ஆகியவை பாவு தறியில் ஏறியதும் முடிந்துபோகின்றன. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால், கோர்வையா அன்றா என்பதும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். அதற்கேற்பக் கூலியும் நாளும் மாறும். ஒரு பாவு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகளுக்காக ஓட்டப்படுவது. ஒருவர் விருப்பத்துக்காகப் புதிய நிறத்தில் பாவு ஓட்டினால், மீதிப் பாவில் நெய்யும் சேலைகளையும் சங்கம் விற்றாக வேண்டும். ஆர்டர் சேலையிலும் சரக்குத் தேங்குவது இவ்வாறுதான்.

ஊடையோ அத்தகையதன்று. நெய்யத் தொடங்கும் வரை அதை மாற்றலாம். ஒரே பாவில் வேறு வேறு ஊடை கொடுத்தால், மயில்கழுத்துப் போன்று இரு நிறம் காட்டும் சேலைகள் பல கிடைக்கும். ஆகவே வாங்குவோர் தனி நிறம் கேட்கும்போது, “பாவை மாற்றுவதா, ஊடையை மாற்றினால் போதுமா?” என்று கேட்டறிவது காரியதரிசியின் கடமையாகும். முந்தியில் இடும் ஊடைக் கோடுகளை முந்தி தொடங்கும் வரை பேசலாம். குஞ்சம் கட்டுவதைச் சேலை தறியிலிருந்து இறங்கிய பின்னும் பேசலாம். ஆனால் நம் சங்கங்களில் வாங்க வருவோர் பெரும்பாலும் முந்தியைப் பற்றியே முதலில் பேசுகின்றனர். நாமும் அவர்கள் போக்கிலேயே போய்விடுகிறோம்.

ஜரிகையைப் பற்றி ஒரு சொல். அதில் வெள்ளி எத்தனை, பொன் எத்தனை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுத்தில்தான் அது தெரியும். காஞ்சிபுரம் பட்டு 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பின்னர், இதை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு முன்னிலும் பெரிதாயிற்று.

விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். “நல்ல முந்திரிப் பருப்பு” என்று பேசினால் சண்டைக்கு இடமுண்டு. ‘டபிள்யூ 320’ என்றால் இடமில்லை. ஒரு பவுண்டில் 300 முதல் 320 வரை முழுப் பருப்புகள் இருக்கும் தரம் அது. சொல்லுக்குப் பதில் எண். எண்ணால் அடங்காத நிறம் முதலியவற்றுக்கு மாதிரி. இதுவே விதி.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு சங்கமும் ஆர்டருக்கென ஒரு பக்கத்தில் அச்சிட்ட தாள் வைத்துக்கொள்ளலாம். அதில் முதலாவது, பொருள் எதற்காக, எந்த நாளைக்கு வேண்டும் என்பது. இரண்டாவது, மாற்ற இயலாதவை. மூன்றாவது, இன்ன கட்டம் வரை மாற்றத்தக்கவை. மாற்றினால் ஆகும் கூடுதற் செலவு. நான்காவது, நெசவாளியின் விருப்பத்துக்கு விட்டவை. ஐந்தாவது, பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது. தாளில் கண்டபடி நெய்யப்பட்டிருந்தால், பொருள் திரும்பினாலும் கூலி நிற்கலாகாது என்பது அதில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

நிறத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. சாயமிட்ட பட்டிழையில் ஒரு சாண் எடுத்து இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சங்கத்தின் தாளிலும், மறு பாதியை வாங்குவோரின் தாளிலும் ஒட்டி, இரு தரப்பாரும் கையொப்பமிடலாம். பிறகு ‘அரக்கு’ என்பதற்கு அகராதி தேட வேண்டியதில்லை.

அந்தப் பெரியவரின் கூலி பற்றி அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். குழு கூடியபோது என் கையொப்பமும் அப்புத்தகத்தில் இருப்பதை நானே எடுத்துச் சொன்னேன். நெசவில் குற்றமில்லை என்று தீர்மானம் எழுதி, கூலி முழுவதும் வழங்கினர். சேலை தள்ளுபடியில் விற்றது; நட்டத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் நான் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில், ஆர்டர் புத்தகத்தின் தொகைப் பத்தியைப் பார்க்குமுன் சொற்பத்தியைப் படிக்கிறேன். நெய்பவர் இதைப் படித்தால் என் மனத்திலுள்ளதையே நெய்வாரா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஐயமிருந்தால் கையொப்பமிடுவதில்லை.